வரன் பார்ப்பது இருக்கட்டும்

கேள்வி: குடலுக்குள் பாலிப் எனும் சிறு கட்டிகள் முளைக்கும் எஃப்.ஏ.பி. என்ற பரம்பரை நோய்க்காக 9 வருடம் முன்பு பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலை மலக்குடலோடு இணைத்தார்கள். அப்பாவும் குடல் புற்றுநோயில்தான் போனார். தினமும் ஐந்து முறை கழிப்பறை போகிறேன். கல்யாணப் பந்தியில் உட்காரவே பயம். என்ன சாப்பிடலாம்? 22 வயது மகளுக்கு வரன் பார்ப்பதால், யார் கண்ணிலும் பட வேண்டாமென்று மூன்று வருடமாக ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.
- 51 வயது வாசகர், ஈரோடு

பதில்: இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து முறை போவது வழக்கம்தான். சோறு, தயிர், வாழைப்பழம் மலத்தை இறுக்கும்; காரமும் எண்ணெயும் இளக்கும். உப்புப் போட்ட மோர் குடியுங்கள். சாப்பாட்டு விஷயம் அவ்வளவுதான்.

கடைசி வரிக்கு வருகிறேன். மூன்று வருடமாகப் போகவில்லையா? ஆபரேஷனோடு இந்த நோய் போய்விடாது. விட்டுவைத்த மலக்குடலில் பாலிப் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடத்துக்கு ஒருமுறை உள்ளே பார்த்து எடுத்துவிட வேண்டும். எனிமா கொடுத்துச் சின்னக் குழாயை விட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். முன்சிறுகுடலிலும் பாலிப் வரும் என்பதால் வாய்வழி எண்டோஸ்கோப்பியும் அவ்வப்போது வேண்டும். அப்பாவைப் பறிகொடுத்த உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே!

அதைவிட என் வயிற்றைக் கலக்குவது வேறு. கடிதத்தில் மகளுக்கு ஜாதகம் இருக்கிறது, பரிசோதனை இல்லை. இந்த மரபணுக் கோளாறு பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து, பன்னிரண்டு வயதிலேயே குடலைப் பார்க்கத் தொடங்க வேண்டும். நோய் இருந்து கவனிக்காமல் விட்டால், நாற்பதை ஒட்டிய வயதில் புற்றுநோய் ஏறக்குறைய நிச்சயம். அவளுக்குப் பத்து வருடம் தவறிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமென்று அவள் உடம்பைப் பற்றி அவளிடமே மறைப்பது பாசம் இல்லை, துரோகம். கடுமையாகத்தான் சொல்கிறேன்.

பீரோவில் கிடக்கும் பழைய ஃபைலை எடுங்கள். இன்று ராத்திரியே மகளை உட்காரவைத்து, தாத்தா எப்படிப் போனார் என்பதிலிருந்து சொல்லுங்கள். இந்த வாரமே இருவரும் குடல் மருத்துவரிடம் போங்கள். முதலில் உங்கள் ரத்தத்தில், இந்த நோய்க்குக் காரணமான ஏ.பி.சி. மரபணுவின் கோளாறு எதுவென்று கண்டுபிடித்தால், அது அவளிடம் இருக்கிறதா என்பதும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இல்லையென்றால் அவளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. இருந்தால், பாலிப் புற்றாக மாறும் முன்பே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. உங்களுக்கோ அவளுக்கோ உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

அதுவரை வரன் பேச்சை நிறுத்திவையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் எதை, எப்போது சொல்வது என்பதை அப்புறம் அவளே முடிவு செய்யட்டும்.