ரெண்டர் நடுவில் திரை கறுக்கிறது, சதுரம் சதுரமாகப் புள்ளி விழுகிறது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா? மாற்றினால் எதை வாங்கலாம்?

கேட்டிருக்கும் தம்பி யாங்கோனில் கல்யாணம், காதுகுத்து வீடியோக்களை எடிட் செய்கிறவர். இன்டெல் ஐ5 9400எஃப், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060, பெயர் தெரியாத 450 வாட் பவர் சப்ளை. ரெண்டர் போடும்போது, அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக வெளியே எடுக்கும்போது, திரை கறுத்து மெஷின் ரீஸ்டார்ட் ஆகிறதாம். வேறு சில நேரம் திரையில் கலர் கலராகச் சதுரங்கள். கடையில் "கார்டு செத்துப்போச்சு, வேற வாங்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் அதே ஊரில், தாம்வே பகுதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். அதனால் இங்கே நடப்பதை வைத்தே எழுதுகிறேன்.

தம்பி, ரீஸ்டார்ட் ஆவதும் சதுரம் விழுவதும் ஒரே நோய் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சதுரம் கார்டின் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். ரீஸ்டார்ட் பெரும்பாலும் பவர் சப்ளையின் வேலை, நம் ஊரில் கேட்கவே வேண்டாம். கார்டு தடுமாறினால் வேறு மாதிரி இருக்கும்: திரை மட்டும் கறுக்கும், கார்டின் ஃபேன் ஓவென்று கத்தும், பின்னால் ஓடிய பாட்டு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருக்கும். அல்லது ஒரு சில நொடியில் படம் திரும்பி வந்துவிடும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். 4101 என்ற எண் இருந்தால் டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது. வெறும் கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால் மெஷின் ஒழுங்காக அணையாமல் திடீரென்று போயிருக்கிறது. இந்த 41 யார் குற்றவாளி என்று சொல்லாது. ஆனால் நான் முதலில் கரண்ட் பக்கம்தான் திரும்புவேன்.

சாயங்காலம் தெருவே சோறு வைக்கும் நேரத்தில் மல்டிமீட்டரை பிளக்கில் வைத்துப் பாருங்கள். 230 காட்ட வேண்டிய இடத்தில் 170, 175 என்று ஆடும். பவர் சப்ளையின் பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் அது பழைய பாணி. இவ்வளவு குறைந்த வோல்ட்டேஜில் முழு லோடு தருவதற்கு அது செய்யப்பட்டதில்லை. மெயில் பார்க்கும்போதும் டைம்லைனில் வெட்டி ஒட்டும்போதும் சமாளித்துவிடும். ரெண்டர் போட்டதும் கார்டு 120 வாட் கேட்கும், அங்கே மடங்கிவிடும். (வோல்ட்டேஜ் குறைவுதானே என்று அந்த சுவிட்சை 115 பக்கம் தள்ளிவிடாதீர்கள். நடு ராத்திரி வோல்ட்டேஜ் ஏறும்போது பவர் சப்ளை வெடிக்கும்.) சுவிட்ச் இல்லாமல் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் அது குறைந்த வோல்ட்டேஜைத் தாங்கும் வகை.

அப்புறம் இன்வெர்ட்டர். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்தக் கண் சிமிட்டும் இடைவெளியை பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்தான் தாங்க வேண்டும். நல்ல சரக்கு முழு லோடில் சுமார் 16 மில்லி செகண்ட் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டர் பல மாறுவதற்கு எடுக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான், சிலது அதையும் தாண்டும். ஐந்தாறு வருஷம் ஓடிய கெப்பாசிட்டர் அதைத் தாங்காது. சும்மா இருக்கும்போது கரண்ட் போனால் மெஷின் நிற்காமல் ஓடுகிறது, ரெண்டர் நடுவில் போனால் மட்டும் விழுகிறது என்றால் காரணம் இதுதான், கார்டைத் திட்டிப் பயனில்லை. சைன் வேவ் இல்லாத மலிவு இன்வெர்ட்டரும் புது வகை பவர் சப்ளையும் ஒத்துப்போகாமல் தகராறு செய்வதும் உண்டு.

தெரிந்தவரிடம் ஒரு நல்ல பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

சரி, சதுரத்துக்கு வருவோம். இதற்குக் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. சதுரம் தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை போனில் திறந்து பாருங்கள். போனிலும் சதுரம் தெரிந்தால் படம் உருவாகும்போதே கெட்டிருக்கிறது: கார்டின் மெமரி, சிப் அல்லது டிரைவர். போனில் படம் சுத்தமாக இருந்தால் முதலில் கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை மாற்றியதும் சரியாகிப் போன "செத்த" கார்டுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, மெஷினை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் சும்மா உட்காருங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, என்விடியா டிரைவரும் இல்லை. அந்தத் திரையிலேயே கோடோ புள்ளியோ ஒழுங்கான வரிசையில் விழுந்தால் அது ஹார்ட்வேர், டிரைவரை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். பயாஸில் சுத்தம், விண்டோஸ் வந்த பிறகுதான் கோளாறு என்றால் டிரைவரை முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சேஃப் மோடில் போய் டிடியு என்ற இலவசக் கருவியால் துடைப்பதுதான் சரியான முறை. டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் மஞ்சள் முக்கோணமும் கோட் 43-ம் இருந்து, துடைத்துப் போட்ட பிறகும் அது அப்படியே நின்றால் கார்டின் மேல் நம்பிக்கை வைக்க முடியாது.

கார்டைக் கழற்றாமல் மட்டும் முடிவுக்கு வராதீர்கள். வைகாசி பாதியில் தொடங்கும் மழை ஐப்பசி வரை விடாத ஊர் இது. கதவோரம் வைத்த கேபினெட்டிலிருந்து கார்டை உருவி, ஸ்லாட்டில் உட்காரும் அந்தத் தங்க நிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு மங்கி, ஓரத்தில் பாசி பிடித்தது போல ஒரு பச்சை இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் நீளவாக்கில் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஸ்லாட்டுக்குள் ஊதிவிடுங்கள், வாயால் வேண்டாம், எச்சில் ஈரம் போகும், புளோயர் போதும். 6 பின் பவர் கனெக்டரையும் பாருங்கள். ஒரு ஓட்டை மட்டும் பழுப்பாகக் கருகியிருந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கார்டைத் திரும்ப மாட்டும்போது ஸ்லாட்டின் கொக்கி டக்கென்று விழ வேண்டும். கனமான கார்டு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தால் அடியில் ஒரு முட்டுக் கொடுங்கள்.

இதற்கு மேல் சூடு. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு ரெண்டர் போடுங்கள். உங்கள் 1060-க்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 94 டிகிரி. ஆனால் 83 பக்கம் வந்தாலே கார்டு தானாக வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் 80 வருவது பெரிய விஷயமில்லை. ஆன் செய்து ஒரே நிமிஷத்தில் 80-ஐத் தொட்டால் சிப்பின் மேல் பூசிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஒரு ஃபேன் நின்றிருக்கிறது. ஃபேனை விரலால் சுண்டிப் பாருங்கள். சுற்றிக்கொண்டே போய் மெல்ல நின்றால் நல்லது. கரகரவென்று உடனே நின்றால் பேரிங் போச்சு, ஃபேன் மாற்றினால் போதும்.

சூடும் சரி, டிரைவரும் சரி, சதுரம் மட்டும் நிற்கவில்லை என்றால் கார்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, மெமரி கிளாக்கையும் சில நூறு மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் சதுரம் மறைந்தால் மெமரி சிப் தளர்ந்து வருகிறது. ஓசிசிடி என்ற மென்பொருளில் கார்டின் மெமரிக்குத் தனிச் சோதனை உண்டு. அதில் ஒரு பிழை வந்தாலும் சந்தேகம் தீர்ந்தது. கையில் இருக்கும் கல்யாண ஆர்டரை முடிக்க இப்படி இறக்கி வைத்து ஓட்டலாம், அவ்வளவுதான்.

கார்டை ஓவன் அடுப்பில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்று யூடியூபில் காட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். எழுந்திருக்கும், சில வாரத்தில் திரும்பப் படுக்கும். உள்ளே சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு கெட்டிருந்தால் வெளியிலிருந்து சூடு காட்டுவது நிரந்தர வைத்தியமாகாது. லேப்டாப் சிப்களில் இந்த மாதிரிக் கோளாறு வந்து 2008-ல் என்விடியாவே 15 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி வைக்க நேர்ந்தது. சோறு பொங்கும் வீட்டில் பிளாஸ்டிக் புகையும் அடுப்பு வேண்டாம். மெமரி சிப்பை மாற்றித் தர யாங்கோனில் ஆள் கிடைக்கும். ஆனால் 2016-ல் வந்த கார்டுக்கு அந்தக் கூலி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1060 சேர்ந்த பாஸ்கல் வரிசைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு வழக்கமான டிரைவரை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அதற்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

மாற்றுவது என்று முடிவானால், வேகப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் வாட் பட்டியலைப் பாருங்கள். பேட்டரியில் பாதி நாள் ஓடும் ஊரில் 170 வாட் கார்டு வாங்கி வைத்துவிட்டு, கரண்ட் வரும் நேரத்துக்காகக் காத்திருந்து ரெண்டர் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அதனால் என் முதல் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை. 70 வாட், தனி பவர் கேபிளே வேண்டாம், ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கிவிடும். 1060-ஐ விடப் பிரமாத வேகம் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் முன்னால் நிற்கும். ஆனால் இன்வெர்ட்டர் மூச்சு வாங்காது. கடையில் பெட்டியைக் கவனியுங்கள்: அதே 3050 பெயரில் 130 வாட் 8 ஜிபி வகையும் இருக்கிறது. அது வேகம் கூடியது, ஆனால் பவர் கேபிள் கேட்கும்.

காசு இடம் கொடுத்து, பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் ஆர்டிஎக்ஸ் 4060. 115 வாட்தான், உங்கள் 1060-ஐ விடக் குறைவு, வேகமோ எங்கேயோ இருக்கிறது. 12 ஜிபி வேண்டும் என்று 3060-ஐத் தேடுவோர் உண்டு. ஃபோர்கே டைம்லைனில் எஃபெக்ட் அடுக்குகிறவருக்கு அது நியாயம், ஆனால் அதுதான் நான் சொன்ன 170 வாட். புது மிரர்லெஸ் கேமராவில் நிற விவரம் கூடிய 10 பிட் 4:2:2 வகையில் எடுக்கிறீர்கள் என்றால் மட்டும் கணக்கு மாறும். அந்த ஃபைலை ஹார்ட்வேரில் விரிக்கும் வசதி என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது. அப்போது 130 வாட் ஆர்டிஎக்ஸ் 5050-ஐ விசாரியுங்கள்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 கேமுக்குக் கொடுத்த காசுக்கு நிற்கும் நல்ல கார்டு, ஆனால் அடோபி பிரீமியரில் வேலை செய்கிறவருக்கு நான் என்விடியாவைத்தான் சொல்வேன். அதே குடும்பத்தின் 6500 எக்ஸ்டி பக்கம் போகவே வேண்டாம். அதில் ரெண்டரின்போது வீடியோவைச் சுருக்கித் தரும் என்கோடர் கிடையாது, மதர்போர்டோடு பேச நான்கே லேன் (தரவு போகும் பாதை)தான், உங்கள் பழைய போர்டில் அதுவும் பாதி வேகத்தில். இன்டெல் ஆர்க் கார்டுகள் வீடியோவுக்குக் கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் இன்டெல் அவற்றுக்கு 10-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட சிப் கேட்கிறது, உங்களுடையது 9.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால்? வாங்கலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. 2022 செப்டம்பரில் ஈதேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளால் ஈட்டும் மைனிங் நின்றதும் லட்சக்கணக்கான கார்டுகள் சந்தைக்கு வந்தன, அவற்றில் கழுவித் துடைத்துப் புதுசு போல விற்றவை ஏராளம். ஹீட்சிங்க் ஓரத்தில் எண்ணெய் கசிந்த தடம், மேலே பளபளப்பாக இருந்தும் திருகுத் தலை தேய்ந்திருப்பது, இரண்டும் சேர்ந்தால் நகர்ந்துவிடுங்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துப் போய் அங்கேயே ஓட்டுங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதுப் பெயர் ஒட்டியிருந்தால் பலவற்றை அதுவே போலி என்று காட்டிக் கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2304 ஷேடர் (சிப்பில் கணக்கிடும் சிறு அலகு) இருக்க வேண்டிய இடத்தில் 2048 காட்டினால் அது போலி இல்லை, சீனச் சந்தைக்கென்று வந்த குறைந்த வகை. அந்த விலைக்கே கேளுங்கள்.

உங்கள் 9400எஃப்-ல் அந்த எஃப் இருப்பதால் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. கார்டைக் கழற்றிவிட்டால் திரையே வராது. ஆகவே கடைக்கு மெஷினையே தூக்கிப் போங்கள், உங்கள் பவர் சப்ளையிலேயே புதுக் கார்டை மாட்டச் சொல்லி, ஒரு ரெண்டரை முழுதாக ஓடவிட்டுப் பார்த்துப் பணம் கொடுங்கள். கேபினெட்டின் உள் நீளத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மூன்று ஃபேன் கார்டு சின்னக் கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டை இடிக்கும்.

பழைய 1060-ஐ எடைக்குப் போடாதீர்கள். ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் என்னைப் போன்றவர்கள் அதை வாங்கிக்கொள்வோம்.