புராட்டஸ்டன்ட் பிள்ளையை கத்தோலிக்க ஸ்கூல்ல சேர்க்கலாமா?

"நாங்க புராட்டஸ்டன்ட், பையன் கத்தோலிக்க ஸ்கூல் போனா குழம்பிடுவானா"ன்னு கேட்டிருக்கீங்க. தாராளமா சேருங்க, ஆனா வித்தியாசத்தை நீங்களே முன்னாடி சொல்லிடுங்க.

பரமண்டல ஜெபத்தோட கடைசில நாம சொல்ற "ராஜ்யமும் வல்லமையும்" வரியை அவங்க சேர்க்காம ஆமென் சொல்லி முடிச்சிடுவாங்க. எங்க பொண்ணு முதல் வாரம் அந்த ஜெபத்துல எல்லாரும் ஆமென் சொல்லி உக்காந்தப்புறமும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்"னு தனியா சொல்லிட்டு நின்னாளாம், வீட்டுக்கு வந்து ஒரே அழுகை, சொல்லாம விட்டோமேன்னு எனக்கு மனசே ஆறல.

அவங்க பைபிள்ல 73 புத்தகம், நமக்கு 66. பத்துக் கட்டளை நம்பரும் மாறும், களவு செய்யாதேங்கிறது நமக்கு (லுத்தரன் சபை தவிர) 8, அவங்களுக்கு 7.

முக்கியமா முதல் நற்கருணை, அதாவது திருவிருந்து அப்பத்தை முதல் தடவையா வாங்குறது. கூடப் படிக்கிற கத்தோலிக்கப் பசங்க 7, 8 வயசுல வாங்குவாங்க, உங்க பையனுக்குப் பொதுவா தரமாட்டாங்க. அன்னைக்கு அவன் எங்க உக்காரணும்னு டீச்சர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க.