கண்ணுக்குத் தெரியாத விளம்பரமா என் சம்பளத்தைக் கரைக்கிறது?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் மூன்றாவது வாரத்திலேயே கணக்கு காலியாகிவிடுகிறது, மீதி நாள்களைக் கிரெடிட் கார்டில் ஓட்டுகிறேன். வாங்கியவற்றில் பாதி தேவையே இல்லாதவை. விளம்பரங்களுக்குள் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் செய்திகளைப் புகுத்தி நம் ஆழ்மனத்தை ஆட்டிவைக்கிறார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இதற்கு மாற்றாக, தூங்கும்போது கேட்டால் சேமிக்கும் எண்ணத்தை ஆழ்மனத்தில் பதியவைக்கும் ஒலிப்பதிவு ஒன்று விற்கிறார்கள். அதற்கு ஓராண்டுச் சந்தா கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்தப் பணத்தை அப்படியே கார்டு நிலுவையில் போடுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பணம் எந்த வழியாகப் போகிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டால், அடைக்க வேண்டிய வழியை விட்டுவிட்டு வேறொன்றை அடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் பார்த்த காணொளி சொல்லும் கதைக்கு மூலம் 1957இல் இருக்கிறது. ஜேம்ஸ் விகாரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர், நியூஜெர்சியின் ஃபோர்ட் லீ நகரத் திரையரங்கில் படம் ஓடும்போதே ‘பாப்கார்ன் சாப்பிடுங்கள்’, ‘கோகோ கோலா குடியுங்கள்’ என்ற வரிகளை நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டியதாக அறிவித்தார். பாப்கார்ன் விற்பனை சுமார் 58 சதவீதமும் கோலா விற்பனை சுமார் 18 சதவீதமும் கூடியதாம். உலகமே அதிர்ந்தது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் இவ்வகை விளம்பரத்தைத் தடுத்தன. ஆனால், பொருட்படுத்தும் அளவுக்குத் தரவே தன்னிடம் இருக்கவில்லை என்று 1962இல் விகாரியே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். இதற்கு இடையில், 1958இல் கனடாவின் அரசுத் தொலைக்காட்சி இதைச் சோதித்துப் பார்த்தது. ‘இப்போதே தொலைபேசியில் அழையுங்கள்’ என்ற வரியை ஒரு நிகழ்ச்சியில் 350 முறைக்கு மேல் மின்னவிட்டார்கள். அழைப்புகள் கூடவில்லை. என்ன செய்தி ஒளிந்திருந்தது என்று கேட்டபோது, தங்களுக்குப் பசித்தது, தாகமெடுத்தது என்று பலர் எழுதினார்கள். விகாரியின் கதை அவர்களுக்குள் அவ்வளவு ஊறியிருந்தது.

புலன் எட்டாத தூண்டலுக்குச் சக்தியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2006இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், ஒரு குளிர்பானத்தின் பெயரை மின்னவிட்டபோது அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் கூடினார்கள். ஆனால் ஏற்கெனவே தாகத்தில் இருந்தவர்களிடம் மட்டுமே அது நடந்தது. இருக்கும் ஆசையைச் சற்றுத் திசைதிருப்ப முடிந்ததே தவிர, இல்லாத ஆசையை உண்டாக்க முடியவில்லை. மாதா மாதம் உங்கள் கணக்கைக் காலி செய்ய அது போதாது.

இப்போது அந்த ஒலிப்பதிவு. 1991இல் அமெரிக்க உளவியலாளர் ஆண்டனி கிரீன்வால்டும் சகாக்களும் கடைகளில் விற்ற இதே ரக ஒலிநாடாக்களை வாங்கி ஒரு மாதம் கேட்கவைத்தார்கள். நினைவாற்றலுக்கு ஒன்று, தன்மதிப்புக்கு ஒன்று. பாதிப் பேருக்கு மட்டும் லேபிளை மாற்றி ஒட்டியிருந்தார்கள். நாடாவுக்குள் இருந்த செய்தி யாரையும் மாற்றவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், லேபிளில் இருந்த விஷயத்தில் தாங்கள் முன்னேறிவிட்டதாக நம்பினார்கள். உங்களுக்கும் அதுதான் நடக்கும் என்பதே என் கவலை: செலவு குறைந்துவிட்டதாகத் தோன்றும், நிலுவை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

உங்களை வாங்கவைப்பவை ஒளிந்திருக்கவில்லை. கண்ணெதிரே, காதோரம் இருக்கின்றன, நாம்தான் கவனிப்பதில்லை. பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட் ஒன்றில் 1990களில் நடந்த ஆய்வில், பிரெஞ்சு இசை ஒலித்த நாள்களில் பிரெஞ்சு வைனும், ஜெர்மன் இசை ஒலித்த நாள்களில் ஜெர்மன் வைனும் அதிகம் விற்றன. இசைதான் காரணம் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். என் தொழிலில் இதைவிட முக்கியமாகக் கருதுவது, 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் வெளியிட்ட ஏல ஆய்வு. ஒரே விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு, கிரெடிட் கார்டில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்ட மாணவர்கள், ரொக்கம் தர வேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டார்கள். கார்டில் செலுத்தும்போது பணம் கைவிட்டுப் போவது உறைப்பதில்லை. அதோடு, ஆப்பில் சேமித்துவைத்த கார்டு எண்ணும், ‘இன்னும் 10 நிமிடம்தான்’ என்று ஓடும் கடிகாரமும், ‘இரண்டே இரண்டுதான் மீதி’ என்ற சிவப்பு எழுத்தும் சேர்ந்துகொண்டால், யோசிக்கக் கிடைக்கும் நேரமும் போய்விடுகிறது.

ஆகவே முதல் வேலையாக, கடந்த மூன்று மாதக் கார்டு ஸ்டேட்மெண்டையும் ஆப்களின் ஆர்டர் விவரங்களையும் எடுத்து வையுங்கள். தேவையில்லாதவை என்று நீங்களே சொல்லும் ஒவ்வொன்றின் பக்கத்திலும், எந்த நேரத்தில் வாங்கினீர்கள், எங்கிருந்து அங்கே போனீர்கள் என்று எழுதுங்கள். இரவு படுக்கையிலா? நோட்டிஃபிகேஷனைத் தொட்டா? ஒன்றிரண்டு நேரங்களும் ஒன்றிரண்டு ஆப்களும் திரும்பத் திரும்ப வருவதைப் பெரும்பாலும் பார்ப்பீர்கள். அந்த ஆப்களில் கார்டு எண்ணை நீக்குங்கள், நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் கார்டை எடுத்து எண்ணைத் தட்ட வேண்டியிருக்கும். அந்தத் தொல்லை உங்களுக்குத் தேவை.

அடுத்து, நிலுவை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருகிறீர்கள் என்றால் அதை நிறுத்துங்கள். முழுத் தொகையைக் கட்டாதபோது, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். எந்தச் சேமிப்புத் திட்டமும் கார்டு வட்டிக்கு ஈடாகத் தராது என்பதால், சிறு அவசரத் தொகை ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதியெல்லாம் நிலுவைக்கே போகட்டும். சம்பளம் வரும் நாளிலேயே அது தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். அன்றாடச் செலவுக்கு வேறொரு கணக்கைத் தொடங்கி, வாரத்துக்கு இவ்வளவு என்று மாற்றி, அதன் டெபிட் கார்டை மட்டும் பையில் வைத்திருங்கள். நிலுவை தீர்ந்ததும், அதே தொகை அதே தேதியில் சேமிப்புக்குப் போகும்படி மாற்றிவிடலாம்.

ஒலிப்பதிவுக்கு இலவச சோதனைக் காலத்தில் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், அது முடியும் தேதிக்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் அனுமதியை வங்கியின் பக்கத்திலும் நீக்கினீர்களா என்று ஒருமுறை சரிபாருங்கள்.