மீனின் உட்காது உருவாவதில் மூளைக்கு என்ன வேலை?

கத்தாழை மீன் தலையைச் சாப்பிட்டவர்களுக்குப் பல்லில் கடிபடும் அந்த வெள்ளைக் கல்லைத் தெரியும். அது காதுக்கல். அது இருக்கும் பைதான் உட்காது. ஒலி கேட்கவும் உடம்பு சாயாமல் நீந்தவும் உதவுகிறது.

கருவில் அந்தப் பையைத் தொடங்கி வைப்பது பின்மூளை. அது கசியவிடும் புரதங்கள் பக்கத்துத் தோல் செல்களைக் காதாக மாறத் தூண்டுகின்றன. மதுரையில் பூக்காரம்மா கூடையைத் திறந்தால் அருகில் இருப்பவருக்குத்தானே மல்லிகை வாசம் தூக்கும்? இதுவும் அப்படித்தான், தள்ளியிருக்கும் தோல் தோலாகவே இருந்துவிடும். தொட்டியில் வளர்க்கும் வரிக்குதிரை மீனில் இப்படி இரண்டு புரதங்களைச் சேர்த்து நிறுத்திப் பார்த்தார்கள், காதே வரவில்லை. சாதாரணமாக முட்டை கருவுற்ற 24 மணி நேரத்திலேயே பையும் கல்லும் தெரியும்.

அப்புறம், காது மூளையிலிருந்து முளைப்பதில்லை, தோலிலிருந்துதான். வெளியே மடல் இல்லை என்பதற்காக மீன் செவிடும் இல்லை.