இணைய வரைபடங்களைக் கொண்டு தரம் 8 பிள்ளைகளுக்கு உலகப் புவியியலைக் கற்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

தொலைநாடுகளிலிருந்து அல்ல, மட்டக்களப்பிலிருந்தே தொடங்குங்கள். கூகுள் ஏர்த்தில் கல்லடியைத் திறந்து பழைய செய்மதிப் படங்களைக் காட்டும் காலப்பட்டியைப் பின்னோக்கி நகர்த்தினால், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலம் மறைந்து, 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலம் மட்டும் வாவியின் மேல் தனித்துத் தெரியும். தாம் நன்கறிந்த இடம் கண்ணெதிரே மாறுவதைக் காணும் பிள்ளை, வரைபடம் என்பது ஒரு குறிப்பிட்ட காலத்தின் பதிவு என்பதைத் தானாகவே விளங்கிக்கொள்ளும்.

அடுத்து, தூரம் அளக்கும் கருவியால் மட்டக்களப்பிலிருந்து நேர் தெற்கே பூமத்தியரேகை வரை கோடிழுக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 850 கிலோமீற்றர் வரும்; ஓர் அகலக்கோட்டுப் பாகை சுமார் 111 கிலோமீற்றர் என்பதால், நகரின் அகலக்கோடு 7.7 பாகை வடக்கு என்பதை அவர்களே வகுத்துக் கண்டுபிடிக்கலாம். மனனம் செய்த எண்ணைவிட இப்படிக் கண்டறிந்த எண்ணே மனதில் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

தட்டையான இணைய வரைபடங்கள் பெரும்பாலும், உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் மெர்கேட்டர் முறையில் அமைந்தவை. துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பு பெரிதாகத் தெரியும். அவற்றில் கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்கு நிகராகத் தோன்றினாலும், உண்மையில் ஆபிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. இதைக் கோளவடிவப் படத்துடன் ஒப்பிட்டுக் காட்டாமல் விடாதீர்கள்.

இணைய இணைப்பு மெதுவான பாடசாலைகளில், தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைப் பயன்படுத்தும் செயலிகளில் தேவையான நாட்டின் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.