சட்டமா மனசாட்சியா: ஜூரி பற்றி ஊட்டி வக்கீலிடம் கேள்விகள்

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா: அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மகளுக்கு ஜூரி அழைப்பு, அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார அழைப்பு, வந்திருக்கிறது. சட்டமே அநியாயமாகப் பட்டால் விடுதலை என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம் அம்மா, அதற்காக அவளைத் தண்டிக்க முடியாது. 1670-ல் லண்டனில், தெருவில் பிரசங்கம் செய்த வில்லியம் பென் மேல் வழக்கு. ஜூரிகளைச் சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டிவைத்தும், குற்றவாளி என்று சொல்ல அவர்கள் மசியவில்லை; அதற்காக அபராதம் போட்டார்கள். அதைக் கட்ட மறுத்துச் சிறைக்குப் போன எட்வர்ட் புஷல் என்ற ஜூரியின் வழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்று முடிவானது. ஆனால் நீதிபதி சொல்லும் சட்டத்தை ஏற்பதுதான் ஜூரியின் கடமை என்று 1895-ல் ஸ்பார்ஃப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக அதிகாரம் கையில் இருக்கிறது, உரிமை என்று கேட்க முடியாது. ஒன்று மட்டும் முக்கியம்: ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேள்வி கேட்பார்கள், அங்கே பொய் சொல்லக் கூடாது.

கூடலூரிலிருந்து ஒருவர்: செக்‌ஷன் 17 நிலத்துக்குப் பட்டா கிடைக்குமா சார்?

பதில்: அது ஜூரி சமாச்சாரம் இல்லை, ஜன்மி என்ற பழைய நிலவுடைமையாளர்களின் ஜன்மம் நிலம் பற்றியது; அந்த வழக்கு பார்க்கிற வக்கீலிடம் கேளுங்கள். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வெலிங்டனிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி: மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் ஜூரியில் 8 பேர் நிரபராதி என்றார்கள், ஒருவர்தான் மறுத்தார்; நீதிபதி அதை ஏற்கவில்லை. மக்களின் மனசாட்சியை நீதிபதி மதித்திருக்க வேண்டாமா?

பதில்: வேண்டாம் சார். மனைவியையும் பிள்ளைகளையும் சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்ப் பொய்க்காரணம் சொல்லி ரிவால்வர் வாங்கிக்கொண்டு கிளம்பியவர் அவர். அந்த நேரத்துக்குள் ஆத்திரம் ஆறியிருக்க வேண்டும் என்றுதான் 1961-ல் உச்ச நீதிமன்றமும் பார்த்தது. ஜூரி அங்கே எந்த அநியாயச் சட்டத்தையும் எதிர்க்கவில்லை, அவரைப் பிடித்திருந்தது, விட்டார்கள்.

குன்னூரிலிருந்து: என் மகனுக்கும் ஜூரி அழைப்பு...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பொய் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்து.

மறுபடி வெலிங்டன்: அப்படியானால் மனசாட்சிக்கே இடமில்லையா?

பதில்: இருக்கிறது சார், அதைத்தான் சொல்ல வருகிறேன். உறைபனி விழுகிற ஜனவரியில், ரிசர்வ் காட்டில் ஒரு கட்டு விறகு எடுத்த எஸ்டேட் அக்கா மேல் வழக்கு என்று வையுங்கள். எடுத்தது உண்மை. ஆனாலும் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது அதே ஜூரிப் பெட்டியில் 12 எஸ்டேட் முதலாளிகளை உட்காரவைத்து, கூலிக்காரனை அடித்த மேனேஜரை எதிரே நிறுத்துங்கள். அவர்களும் மனசாட்சி என்றுதான் சொல்வார்கள். 1955-ல் மிசிசிப்பியில், எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையனைக் கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டு விடுதலை செய்தது. நம்ம ஆள் இல்லாத ஒருவன் கூண்டில் நின்றாலும் இதே முடிவைச் சொல்வேனா என்று கேட்டுப் பார்த்து, ஆம் என்று வந்தால் மட்டும் சட்டத்தை மீறுங்கள். அதுவும் விடுவிக்க மட்டும்தான், தண்டிக்க ஒருபோதும் கூடாது.

கொடைக்கானலிலிருந்து ஒரு தம்பி: ஊட்டி கோர்ட்டில் ஜூரியாக உட்கார எங்கே பெயர் கொடுக்கணும்?

பதில்: 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு இங்கே அந்த முறை போய்விட்டது தம்பி.