குவாரிக்கான கருத்துக்கேட்பில் தமிழில் ஆட்சேபம் தெரிவிக்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். தோப்பையொட்டி அமையவுள்ள கல்குவாரிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கப்போவதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையில் 18 நாளே உள்ளது. குவாரியின் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய ஆய்வறிக்கை ஆங்கிலத்திலும் அதன் சுருக்கம் மலையாளத்திலும் உள்ளன. எங்களுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. தமிழில் எழுதிக் கொடுத்தால் ஏற்பார்களா?

பதில்: ஏற்றே ஆக வேண்டும். குறை தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் அளிக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு கூறுகிறது. கேரளத் தமிழர் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும் 1969ஆம் ஆண்டின் கேரள அலுவல் மொழிகள் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அறிக்கைச் சுருக்கத்தைப் பொறுத்தவரை, ‘மாநில ஆட்சிமொழி அல்லது உள்ளூர் மொழி’ என்றே விதி அமைந்திருப்பதால், மலையாளம் போதும் என்று அதிகாரிகள் வாதிட இடமுண்டு. ஆகவே தமிழ்ச் சுருக்கத்தை இன்றே எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் அந்த மறுப்பே பின்னால் உங்களுக்குச் சான்றாகும்.

உங்கள் கையிலுள்ள வலுவான வாதம் அந்த 18 நாள்தான். 14.09.2006 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை குறைந்தது 30 நாள் அவகாசம் கேட்கிறது. அதை 20 நாளாகக் குறைக்க முற்பட்ட 2020ஆம் ஆண்டு ஆவணம் வெறும் வரைவு. அதை யார் காட்டினாலும் ஏற்காதீர்கள். கூட்டத்தை ரத்துசெய்து முறைப்படி மறு அறிவிப்பு வெளியிடக் கோரி, மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) உடனே மனு அனுப்புங்கள்.

அப்படியும் கூட்டம் நடந்தால் புறக்கணிக்காதீர்கள். வருகைக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை ஏதும் விதிக்கப்படாததால், ஊரே வராவிட்டாலும் கூட்டம் முறையாக நடந்ததாகவே பதிவாகும்; இதை அறியாமல் வெளிநடப்பு செய்து தம் வாதத்தைத் தாமே இழந்த ஊர்களை நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. மழைமறைவுப் பகுதியான உங்கள் வட்டாரத்தில் ஆழியாற்றுத் தண்ணீர் குறையும் மாதங்களில் ஆழ்துளைக் கிணறே கதி என்பதையும், கோடையில் உங்கள் கிணற்றின் நீர்மட்டம் எவ்வளவு என்பதையும், வெடி வைத்தால் அதிர்வு எட்டக்கூடிய வீடுகள், பள்ளி, மாட்டுத்தொழுவங்கள் எவை என்பதையும், பிழைப்பு இழக்கும் கூலியாட்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதி, அறிக்கை இவற்றுக்கு என்ன விடை தருகிறது என்று கேளுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கி, ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ அன்றே கையெழுத்திட வேண்டும். உங்கள் ஆட்சேபம் அதில் விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள், முழு நிகழ்வும் வீடியோவில் பதிவாக வேண்டும் என்பது விதி. மக்களின் ஆட்சேபங்களை ஆராய்ந்து காரணம் கூறாமல், அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழு முடிவெடுக்க இயலாது என்று கோவாவின் சுரங்க வழக்கொன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்திருக்கிறது.

குவாரி தமிழ்நாட்டு எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் அதிகாரம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கே செல்லும். தூரத்தை வில்லேஜ் ஆபீஸ் வரைபடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம்.